பாரிமுனையிலிருந்து புளியந்தோப்பு வரை

வியாழன் இரவு, பெரம்பூர்

தூத்துக்குடிக்காரனுக்குச் சுதந்திரப் போராட்டம் என்றால் கப்பல்தான். 1906இல் வ.உ.சி. தொடங்கிய கம்பெனி, 1908 பிப்ரவரியில் கோரல் மில் வேலைநிறுத்தம், மார்ச்சில் அவர் கைதானதும் திருநெல்வேலியில் வெடித்த கலகம், துப்பாக்கிச் சூடு. இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறேன். 1912 கடைசியில் சிறையிலிருந்து வெளியே வந்தவர் சிந்தாதிரிப்பேட்டை, பெரம்பூர் என்று சென்னையில் வாடகை வீடுகளில் காலம் தள்ளினார் என்பதை மட்டும் எந்தப் பேச்சுப் போட்டியிலும் யாரும் சொன்னதில்லை. பெரம்பூரில் எனக்கு மாமா வீடு இருக்கிறது. தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, கர்நாடிக் மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். லீவு கிடைத்தது, முத்துநகர் எக்ஸ்பிரஸில் டிக்கெட்டும் கிடைத்தது. கிளம்பிவிட்டேன்.

குளித்து, அத்தை போட்ட இட்லியைச் சாப்பிட்டதும் லோக்கல் ரயிலில் மூர் மார்க்கெட். அங்கிருந்து ஜார்ஜ் டவுனுக்கு நடை. ஏப்ரல் வெயிலில் நடக்காதே என்று மாமா சொன்னார். அதைக் கேட்டிருக்கலாம்.

என்.எஸ்.சி. போஸ் சாலையில் பச்சையப்பன் மண்டபத்தைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் வேண்டும். ஏதென்ஸ் நகரத்துக் கோயில் ஒன்றைப் பார்த்து 1850 வாக்கில் கட்டிய கட்டடம். தடித் தடியான கிரேக்கத் தூண்கள். அந்தத் தூண்களை மறைத்துக்கொண்டு பை, பெல்ட், செல்போன் கவர். 1896 அக்டோபர் 26 அன்று இருபத்தேழு வயது காந்தி இங்கேதான் பேசினார். தென்னாப்பிரிக்காவில் நம் ஆட்கள் படும் பாட்டைச் சொல்ல வந்திருந்தார். அச்சடித்துக் கொண்டுவந்த ஆங்கிலப் பேச்சு, நல்ல நீளம். ஆனாலும் கூட்டம் ஒரு சொல் விடாமல் கேட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். காரணம் பாலசுந்தரம் என்ற தமிழர். நேட்டாலில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். முதலாளி அடித்து, பல் உடைந்து, ரத்தத்தோடு தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தியின் அலுவலகத்துக்கு வந்தவர். அந்தக் கதை காந்திக்கு முன்னாலேயே சென்னைக்கு வந்து சேர்ந்திருந்தது. கூட்டம் முடிந்ததும் அவர் கொண்டுவந்த பச்சை அட்டைப் புத்தகத்துக்கு அடிதடி.

எனக்கு இதில் ஒன்று உறுத்தியது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் ஆங்கிலம் படித்த வக்கீல்கள், பத்திரிகைக்காரர்கள், வியாபாரிகள். பேச்சு முழுக்கக் கூலிக்காரர்களைப் பற்றி. கூலிக்காரர்கள் வெளியே. அன்றைய அரசியலே அப்படித்தான். இதே பேட்டைகளின் வியாபாரி கஜுலு லட்சுமிநரசு செட்டி 1852இல் சென்னை சுதேசி சங்கத்தைத் தொடங்கி, வரி வசூலிக்க விவசாயிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று லண்டன் பார்லிமென்ட் வரை புகார் அனுப்பினார். சும்மா சொல்லக் கூடாது, விசாரணைக் கமிஷன் அமைந்தது, 1855இல் அறிக்கையும் வந்தது. ஆனால் அடிபட்டவன் சார்பில் இன்னொருவர் மனு எழுதுவது என்ற இடத்திலேயே விஷயம் அரை நூற்றாண்டு நின்றுவிட்டது.

அங்கிருந்து தம்புச் செட்டித் தெரு. 1915 ஏப்ரல் 17ஆம் தேதி காந்தியும் கஸ்தூரிபாவும் சென்ட்ரலில் வந்து இறங்கினார்கள். வரவேற்கப் போன பெரிய மனிதர்கள் முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் தேடிக்கொண்டிருக்க, அவர்கள் மூன்றாம் வகுப்பில் இருந்தார்கள். வண்டியில் குதிரையை அவிழ்த்துவிட்டு மாணவர்களே இழுத்தார்கள். இந்தத் தெருவில் பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன் வீட்டில் மே 8 வரை தங்கல். பத்தொன்பது வருடத்தில் கூட்டம் மண்டபத்துக்குள்ளிருந்து தெருவுக்கு வந்துவிட்டது. அதற்கும் நான்கு வருடம் கழித்து, 1919 மார்ச்சில், விசாரணை இல்லாமல் சிறையில் தள்ளும் ரௌலட் சட்டத்துக்கு என்ன செய்வது என்று புரியாமல் சென்னையில் தங்கியிருந்தபோதுதான், நாடு முழுக்க ஒரு நாள் கடையடைப்பு என்ற யோசனை அவருக்குக் கனவில் வந்தது. அப்போது அவர் தங்கிய வீடு கதீட்ரல் ரோட்டில், தெற்கே. ஆனால் கடையடைப்பு என்றால் அடைக்கக் கடை வேண்டுமே. அது இருந்தது இந்தப் பக்கம்.

காளிகாம்பாள் கோயிலில் கும்பிட்டுவிட்டு, சவுகார்பேட்டையில் முறுக்கு சாண்ட்விச் தின்றேன். முறுக்குக்கு நடுவில் தக்காளியும் வெள்ளரியும். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

வெள்ளி இரவு

கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. போய்த்தான் தெரிந்துகொண்டேன். திரும்பிப் பாரிமுனைக்கே வந்தேன்.

உயர் நீதிமன்றச் சிவப்புச் சுவர் ஒரு பக்கம், பேருந்துக் கூட்டம் மறுபக்கம். சாலையைக் கடக்கவே தனி வீரம் வேண்டும். 1928 பிப்ரவரி 3, சைமன் கமிஷன் பம்பாயில் வந்து இறங்கிய நாள். இந்தியாவுக்கு என்ன அரசியல் சட்டம் என்று முடிவுசெய்ய வந்த ஏழு பேரில் ஓர் இந்தியர்கூட இல்லை. அன்று இந்தப் பகுதியில் கடையடைப்பு, கூட்டம், போலீஸ் துப்பாக்கிச் சூடு. செத்துக் கிடந்தவரைப் பார்க்கப் போன காங்கிரஸ் தலைவர், பாரிஸ்டர் பிரகாசத்தைப் போலீஸ் மறித்தது. போனால் சுடுவோம் என்றபோது அவர் சட்டையைத் திறந்து நெஞ்சைக் காட்டினார். ஆந்திர கேசரி, அதாவது ஆந்திரச் சிங்கம், என்ற பட்டம் அதிலிருந்துதான். இந்தக் கதையில் எல்லோருக்கும் நெஞ்சைக் காட்டியவர் நினைவிருக்கிறார், செத்தவர் நினைவில்லை. பிரகாசத்தின் துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு பாரிஸ்டர் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததே, பெயர் தெரியாத கூட்டம் முதலில் அங்கே நின்றதால்தான் என்கிறேன். தலைவர் அழைத்துக் கூட்டம் வருவது ஒரு ரகம். கூட்டம் நின்றுவிட்ட பிறகு தலைவர் ஓடி வருவது இன்னொரு ரகம். இந்தச் சாலைகளில் இரண்டும் நடந்திருக்கிறது, இரண்டாவதை நாம் குறைவாக எழுதுகிறோம்.

ரத்தன் பஜார், கோடவுன் தெரு. கோடவுன் தெருவில் இன்றும் துணி மொத்த வியாபாரம். தலையில் பேலைத் தூக்கிக்கொண்டு "ஓரம், ஓரம்" என்று வருகிறவர்களுக்கு வழிவிட்டே தோள் வலித்தது. அந்நியத் துணி மறியல் முதலில் 1921இல், அப்புறம் 1930க்குப் பிறகு மறுபடியும். முதல் அலையிலேயே இந்தியாவுக்கு வந்த அந்நியத் துணியின் மதிப்பு 102 கோடி ரூபாயிலிருந்து 57 கோடிக்கு இறங்கியது. மான்செஸ்டர் முதலாளிக்கு மனுவைவிட இது புரியும்.

1932 ஜனவரியில் சென்னை மறியலில் நடந்த ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பிடித்தமானது என்று சொல்வது சரியில்லை, அடி வாங்கிய கதை அது. ஃபாரஸ்டர் பேட்டன் என்று ஸ்காட்லாந்துக்காரர், டாக்டர். திருப்பத்தூரில் ஜேசுதாசன் என்ற தமிழ் டாக்டரோடு சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமம் நடத்தியவர். கதர் கட்டியிருப்பார். மறியல் நடந்த கடைவீதியில் அவரைப் பார்த்த போலீஸ், மறியல்காரர் என்று லத்தியால் அடித்து, குழாயில் சாயத் தண்ணீரைப் பீய்ச்சி, கைதும் செய்தது. வெள்ளைக்காரரை வெள்ளைக்காரன் போலீஸ் சாயத்தில் நனைத்த செய்தி பிரிட்டிஷ் பார்லிமென்டில் கேள்வியாக எழுந்தது. அதே நாட்களில் அதே சாயத்திலும் லத்தியிலும் நனைந்த நூற்றுக்கணக்கான தொண்டர்களுக்காக அங்கே யாரும் இவ்வளவு பதறவில்லை. ஆனால் ஆடை ஒன்றே ஒருவரை எந்தப் பக்கம் என்று காட்டிவிடும் நிலைக்கு மறியல் ஊரைக் கொண்டுவந்திருந்தது பாருங்கள். நடுவில் நிற்க இடமில்லை. கடைக்காரர்களுக்கும் அப்படித்தான்: தினம் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இதைச் செய்தது எந்தத் தீர்மானமும் இல்லை, வாசலில் உட்கார்ந்த ஆட்கள்.

சாயங்காலம் பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா பஜாரில் அத்தோ. வறுத்த பூண்டும் வெங்காயமும் போட்டு நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அறுபதுகளில் பர்மாவிலிருந்து கையில் ஒன்றும் இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கடைவீதி. இந்திய தேசிய ராணுவத்தில் பர்மா, மலேயா தமிழர்கள், அதிலும் ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள், எவ்வளவு பேர் சேர்ந்தார்கள் என்பதை இந்தத் தெருவில் நின்று யோசிக்க வேண்டும். அவர்கள் இந்தியாவைப் பார்த்ததுகூட இல்லை, பலர். பக்கத்திலேயே ஓடும் சாலைக்குப் போஸ் பெயர். 1939 செப்டம்பர் 3 அன்று சென்னைக் கடற்கரையில் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் யாரோ அவர் கையில் மாலைப் பத்திரிகையைத் திணித்தார்கள்: போர் மூண்டுவிட்டது.

சனி

இன்று சுருக்கமாக. கால் வீக்கம்.

கோட்டை திறந்திருந்தது. 1947 ஆகஸ்ட் 15 விடியலில் இந்தக் கோட்டையில் ஏற்றிய கொடியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். மங்கலான வெளிச்சம், துணி கெடாமல் இருக்க. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டு அடுத்த அறைக்கு வாள் பார்க்க ஓடினார்கள். ஆனால் இதற்குப் பதினைந்து வருடம் முன்பே ஒரு மூவண்ணக் கொடி இங்கே ஏறியது. 1932 ஜனவரி 26, விடியுமுன், பாஷ்யம் என்ற இளைஞர், ஆர்யா என்றால் தெரியும், காவலர் கண்ணில் படாமல் கொடிமரத்தில் ஏறிக் கட்டிவிட்டார். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம் அது. நம் வீட்டுச் சுவர்களில் தொங்குகிற முண்டாசுப் பாரதி படத்தை வரைந்த ஓவியரும் அவரேதான்.

அப்புறம் எண்ணூர் வரை ரயில். போகும் வழியெல்லாம் குழாய், புகைபோக்கி, கன்டெய்னர் லாரி. உப்பளத்தின் மிச்சம் வடக்கே கொஞ்சம் தெரிகிறது. அந்தக் காலத்தில் உப்பு இங்கிருந்து பக்கிங்ஹாம் கால்வாயில் படகில் நகரத்துக்கு வரும். சென்னை மாகாணத்தில் 1805 முதல் உப்பு கம்பெனியின் ஏகபோகம். கையில் கடல் இருந்தும் உப்புக்கு வரி. 1930 ஏப்ரலில் சென்னையில் உப்புக் காய்ச்சக் கிளம்பியவர்களை நடத்திச் சென்றவர்கள் பிரகாசமும் நாகேஸ்வர ராவும். பின்னவர்தான் தலைவலித் தைலம் அமிர்தாஞ்சனத்தின் முதலாளி. பத்திரிகை, தைலம் இரண்டிலும் சம்பாதித்ததை இயக்கத்தில் கொட்டியவர். காய்ச்சியது திருவல்லிக்கேணிப் பக்கத்துக் கடற்கரையில். உப்பளத்திலேயே பாத்தி கட்டி வேலை செய்த எண்ணூர்க்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று கேட்கத்தான் தோன்றியது, கேட்க ஆள் இல்லை.

ஞாயிறு

இதற்காகத்தான் வந்தேன். மாமா காலையிலேயே வேட்டி கட்டி ரெடி. "வா மாப்ளே, உங்க தாத்தா நடந்த வழியிலேயே நடப்போம்."

தாத்தாவின் கர்நாடிக் மில்லும் சேர்ந்ததுதான் பின்னி மில். அது 1996இல் மூடப்பட்டது. கொஞ்ச காலம் சினிமாவில் சண்டைக் காட்சி எடுக்க வாடகைக்கு விட்டார்கள். உடைந்த ஷெட்டில் கதாநாயகன் இருபது பேரை அடிக்கும் காட்சி பார்த்திருந்தால் அது பெரும்பாலும் இதுதான். இப்போது அந்த நிலத்தில் உயர உயர அடுக்குமாடி. ஒரு கேட்டைக் காட்டி, இங்கேதான் சங்கு ஊதும் என்றார் மாமா. அந்தச் சங்குக்குத்தான் பட்டாளம், பெரம்பூர், ஓட்டேரி முழுக்க அடுப்பு பற்றும்.

இங்கே 1918இல் நடந்தது சின்னதாகத்தான் தொடங்கியது. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இருவர் பெரம்பூரில் பஜனை, கதாகாலட்சேபம் நடத்தும் சபை வைத்திருந்தார்கள். மில் ஆட்கள் அங்கே வருவார்கள். சாமி கதை கேட்க வந்தவர்கள் தங்கள் கதையையும் சொன்னார்கள்: சாப்பாட்டு இடைவேளையில் ஒரு வாய் விழுங்குவதற்குள் மணி அடிக்கிறது, கொஞ்சம் லேட்டானால் கூலி போகிறது, மேஸ்திரி அடிக்கிறான். செட்டியாரும் நாயுடுவும் போய் நின்றது அன்னி பெசன்ட்டின் பத்திரிகை அலுவலகத்தில். அங்கே இருந்த பி.பி. வாடியா, பம்பாய்ப் பார்சி, சுயாட்சி இயக்கத்துக்காக 1917இல் பெசன்ட்டோடு காவலில் வைக்கப்பட்டவர், வருகிறேன் என்றார். 1918 ஏப்ரல் 27, சென்னைத் தொழிலாளர் சங்கம். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். திரு.வி.க. துணைத் தலைவர்.

இதைச் சுதந்திரப் போராட்டத்தின் கிளைக்கதை என்று எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மில் ஆட்கள் சுயராஜ்யம் கேட்டு அந்த அலுவலகத்துக்குப் போகவில்லை, சாப்பிட நேரம் கேட்டுத்தான் போனார்கள். அவர்களைச் சந்தித்த பிறகு மாறியது சுயராஜ்யம் பேசியவர்கள்தான். மேடைத் தமிழ் என்று ஒன்றைத் திரு.வி.க. உருவாக்கியது எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள் என்பதால். பச்சையப்பன் மண்டபத்து ஆங்கிலத்தை இங்கே யார் கேட்பார்கள்? வெள்ளைக்கார மானேஜர், வெள்ளைக்கார அரசு, போலீஸ் மூன்றும் ஒரே ஆள்தான் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர்களுக்கு, மில் வாசலில் தினம் பார்த்தவர்கள் பாடம் சொல்லித் தந்தார்கள்.

1920 அக்டோபரில் கதவடைப்பு: கம்பெனியே மில்லைப் பூட்டியது. டிசம்பர் 9 அன்று போலீஸ் சுட்டதில் இரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். அதோடு கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போய், ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று சங்கத் தலைவர்கள் மீதே வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. ஆலோசனை சொன்னதற்கு இழப்பீடு! கடைசியில் சமரசம்: வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டும். விலகினார். ஆனால் இந்த வழக்குதான், சங்கம் வைப்பது குற்றமா என்ற கேள்வியை டெல்லி வரை கொண்டுபோனது, 1921இல் தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி சட்டசபையில் எழுப்பி, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இன்று ஏதாவது ஐ.டி. கம்பெனியிலோ ஆட்டோ ஸ்டாண்டிலோ சங்கம் பதிவு செய்தால் அதன் வேர் இந்தத் தெருவில் இருக்கிறது.

மாமா வாடியா விலகியதை இன்னும் மன்னிக்கவில்லை. "விட்டுட்டுப் போனாருய்யா" என்றார், போன வாரம் நடந்ததுபோல.

மாலையில் புளியந்தோப்பு. அங்கே மாமாவோடு ஐ.சி.எப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த நண்பர் இருக்கிறார். டீக்கடை பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். 1921 ஜூனில் மறுபடி வேலைநிறுத்தம். ஒத்துழையாமை உச்சத்தில் இருந்த நேரம், காங்கிரஸ்காரர்கள் தொழிலாளர் பக்கம். ஆனால் இந்தமுறை ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதி வேலைக்குப் போனார்கள். அவர்கள் தலைவர் எம்.சி. ராஜா போகச் சொன்னார். முந்தைய கதவடைப்பில் பட்டினி கிடந்து கடனாளியான வீடுகள். அப்புறம் நடந்தது கலவரம்: இந்தப் பகுதியில் குடிசைகள் எரிந்தன, அடிதடி, மறுபடி துப்பாக்கிச் சூடு. அரசாங்கம் ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுக்கிறது என்றார், வண்ணாரப்பேட்டைப் பக்கத்துக்காரரான ஜஸ்டிஸ் கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார். எம்.சி. ராஜா சில வருடத்தில் அந்தக் கட்சியை விட்டே போனார். அந்தச் செப்டம்பரில் மதுரையில் காந்தி ஏழைகளுக்காக அரையாடைக்கு மாறினார். இங்கே வேலைநிறுத்தம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. அக்டோபரில் முடிந்தது, ஒன்றும் கிடைக்காமல்.

"வெள்ளைக்காரன் பிரிச்சான்" என்றார் மாமா.

"பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணா இருந்தமா? அத்த சொல்லு" என்றார் நண்பர். "எங்க பாட்டி சொல்லும், வேலைக்குப் போனா உன் ஆளுங்க அடிப்பாங்க, போவலன்னா பசி அடிக்கும்னு."

1923 மே 1ஆம் தேதி சிங்காரவேலர் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி, தொழிலாளர் விவசாயிகள் கட்சி தொடங்கியதை மாமா எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்பது அவர் வாதம். மாறியது உண்மைதான், காங்கிரஸ் மேடையிலேயே கூலியும் நிலமும் பேசுபொருள் ஆயின. நண்பர் அதை மறுக்கவில்லை. டீயை ஆற்றிக் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "எங்க அப்பாவும் மில்லுதான் தம்பி. எங்க வீட்டுல சங்கச் சந்தா மொதல்ல கட்டுனது அவருதான்."

எப்போது என்று கேட்டேன்.

"சொதந்திரம் வந்து ஆறேழு வருசம் கழிச்சு."

அவ்வளவு நாள் ஏன் கட்டவில்லை என்று மாமா கேட்க, பேச்சு மறுபடி 1921க்கே போய்விட்டது. அத்தை போன் செய்தபோது மணி ஒன்பதரை.